காப்பகத்தில் காத்திருக்கும் வளர்ந்த நாய்கள்: அனுபவப் பகிர்வு

சென்னையிலிருந்து, காப்பகத் தன்னார்வலர்:

நான் வார இறுதிகளில் வேலை செய்யும் காப்பகத்தில் செவலை என்றொரு ஆண் நாய் இருக்கிறது. பல் தேய்மானத்தைப் பார்த்து ஐந்து வயதிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். செம்மண் நிறம், நெஞ்சில் கையகல வெள்ளை, கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாகக் காதோரத்தில் ஒரு சிறு வெட்டு. இவற்றைத் தவிரப் புகைப்படத்தில் காட்டுவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. நேரில் பார்ப்பவருக்குத்தான் அது எப்படிப்பட்ட நாய் என்பது விளங்கும். வந்தவர் தரையில் அமர்ந்தால் அருகே வந்து, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் விலாவை அவருடைய முழங்காலில் சாய்த்தபடி நின்றுகொள்ளும். பிஸ்கட்டை நீட்டினால் விரலில் பல் படாமல் உதட்டால் வாங்கிக்கொள்ளும். கோழித்தலையும் காலும் மஞ்சள்தூளும் போட்டு வேகவைத்த சோற்று அண்டா வரும்போது மற்ற கூண்டுகள் அமளிப்படும். செவலை மட்டும், தட்டு தரையில் வைக்கப்படும்வரை இரண்டடி பின்வாங்கி நிற்கும். இது காப்பகத்தில் யாரும் கற்றுக்கொடுத்த பழக்கம் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்த பிறகு கழுத்துப்பட்டையோடு அது கொண்டுவரப்பட்டது என்பதால், ஏதோ ஒரு வீட்டில் நல்லபடியாக வளர்ந்த நாய்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அதைத் தேடிக்கொண்டு இதுவரை யாரும் வரவில்லை.

இப்படிப்பட்ட நாய்க்கு ஏன் இன்னும் வீடு அமையவில்லை என்று கேட்பவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடப்பதைச் சொல்கிறேன். குடும்பமாக வருகிறவர்கள் நேராகக் குட்டிகள் இருக்கும் அறைக்குப் போகிறார்கள். குட்டியிலிருந்து வளர்த்தால்தான் நாய் வீட்டோடு ஒட்டும் என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வளர்ந்த நாய்களின் பக்கம் வருகிறவர்களும் லாப்ரடார் இருக்கிறதா, பக் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நாட்டு நாய் என்றதும் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. குட்டியின் அழகு ஒரு நொடியில் மனத்தைப் பிடித்துவிடுகிறது. வளர்ந்த நாயின் நற்குணத்தை அறிய அரை மணி நேரமாவது அதனோடு உட்கார வேண்டியிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தை யாரும் அதற்குக் கொடுப்பதில்லை என்பதுதான் என்னுடைய ஆதங்கம்.

குட்டி வளர்ந்து எப்படிப்பட்ட நாயாகும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு குரைக்கும், குழந்தைகளோடு பழகுமா, தனியே விட்டுச் சென்றால் தாங்குமா என்பதெல்லாம் பின்னால் தெரியவருபவை. செவலையைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் விடை ஏற்கெனவே எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. இடி இடித்தால் மூலையில் ஒடுங்கும், ஆனால் உடல் நடுங்காது. பட்டாசுச் சத்தம் அதனால் தாங்க முடியாத ஒன்று. தீபாவளி வாரத்தில் உள்ளறைக்கு மாற்றி, கதவிடுக்கில் துணியை அடைத்து, மின்விசிறியை வேகமாக ஓடவிடுகிறோம். சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லும்வரை அடக்கிக்கொண்டிருக்கும். பள்ளிக் குழந்தைகள் வந்த நாளில், ஒரு சிறுவன் அதன் காதைப் பிடித்து இழுத்தபோது தலையைத் திருப்பிக்கொண்டதே தவிர உறுமவில்லை. எங்கள் கண்ணெதிரே மாதக்கணக்கில் நடந்தவற்றை அவ்வப்போது எழுதி வைத்ததுதான் இந்தப் பதிவேடு.

காத்திருப்பு நாயை என்ன செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வந்த புதிதில் வாசலில் ஆள் சத்தம் கேட்டால் போதும், செவலை கம்பியருகே வந்து நிற்கும். இப்போது பழகியவர்களின் குரலுக்கு மட்டுமே எழுந்து வருகிறது. புதியவர்கள் வந்தால் படுத்தபடியே வாலை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சோம்பல் நாய் என்றும் நோயாளி என்றும் சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஓயாத குரைப்பொலியும், அடிக்கடி மாறும் அண்டைக் கூண்டுகளும், ஒரே ஆளின் அருகாமை நீடித்துக் கிடைக்காததும் சேர்ந்து அதைக் களைப்படையச் செய்திருக்கின்றன. அமெரிக்கக் காப்பகங்களில் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஓரிரு இரவுகள் ஒரு வீட்டில் தங்கிய நாய்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு அந்த நாட்களில் குறைந்திருந்தது தெரியவந்தது. அந்த முறையில் செவலையை ஒரு தன்னார்வலர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். முதல் நாள் பகல் முழுவதும் அது எழுந்திருக்காமல் தூங்கியது என்று அவர் சொன்னபோது, கூண்டில் அது சரியாகத் தூங்கியே வெகுகாலம் ஆகியிருக்கும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

செவலையைப் பற்றி எழுதிய நண்பருக்கு வணக்கம். நான்கு வயது நாட்டுப் பெண் நாயை ஒரு காப்பகத்திலிருந்து தத்தெடுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. பெயர் ராணி. அங்கே அது எல்லோரிடமும் வாலைக் குழைத்துக்கொண்டு வரும் நாய் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது; சோற்றைத் தொடவில்லை; குக்கர் விசில் அடித்தபோதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வேறு நாயைக் கொடுத்துவிட்டார்களோ என்று என் மனைவி கேட்கும் அளவுக்கு அதன் நடவடிக்கை மாறியிருந்தது.

காப்பகத்தார் விடைகொடுக்கும்போதே ஒரு கணக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் மூன்று நாட்கள் திகைப்பு, மூன்று வாரங்களில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதங்களில் இது என் வீடு என்ற உறுதி வரும் என்பது அந்தக் கணக்கு. ஒவ்வொரு நாய்க்கும் அது அப்படியே பொருந்தாது என்றாலும், அதை முன்கூட்டியே கேட்டிருந்ததால்தான் நாங்கள் பதறாமல் இருந்தோம். யாரும் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டக் கூடாது, உறவினர்கள் இப்போதைக்குப் பார்க்க வர வேண்டாம், தட்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வைக்கப்பட வேண்டும் என்று வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டோம். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் என் தாயார் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது ராணி தானாக வெளியே வந்து, அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. நாய் வேண்டாம் என்று கடைசிவரை எதிர்த்தவர் அவர்தான். பூஜை அறைக்குள் நாய் வந்துவிடும் என்பதே அவருடைய பெரிய கவலையாக இருந்தது. நிலைப்படியில் நிறுத்தி 'இரு' என்று சொல்லிப் பழக்கியதில், சில வாரங்களுக்குள் ராணி அந்தப் படியைத் தாண்டுவதை விட்டுவிட்டது. வளர்ந்த நாய்க்குப் புதிதாக எதையும் பழக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் முதலிலேயே எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றுவிடுவது நல்லது. பெரும்பாலான காப்பகங்களே அதைக் கேட்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் என் சகோதரிக்கு, அவர்களுடைய சங்கம் நாயே வளர்க்கக் கூடாது என்று கடிதம் கொடுத்தது. செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அவர் அச்செடுத்துக் கொடுத்த பிறகு அந்தக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

திருச்சியிலிருந்து, கால்நடை மருத்துவர்:

நட்பான நாய் என்று காப்பகத்தில் சொன்னால், அதைக் கண்ணால் எப்படி உறுதிசெய்வது என்பதைப் பற்றி நான் எழுதலாம். வாலாட்டுவதெல்லாம் நட்பு ஆகாது. வாலைத் தாழ்த்தி, உடலை விறைத்து, அடிக்கடி உதட்டை நக்கிக்கொண்டோ கொட்டாவி விட்டுக்கொண்டோ ஆட்டினால், அது அச்சத்தில் இணங்கிப் போகிறது என்று பொருள். நட்பான நாயின் உடலில் இறுக்கம் இருக்காது. வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆடும், கண்கள் தளர்ந்திருக்கும், நீங்கள் தடவுவதை நிறுத்தினால் அதுவாகவே நெருங்கி வரும். கூண்டுக்குள் இருக்கும்போது மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காமல், வெளியே சங்கிலியில் அழைத்துச் சென்று, இயன்றால் வேறொரு நாளிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நாயின் குணம் பெரும்பாலும் நிலைபெற்றுவிடுகிறது என்பதால், ஐந்து வயது நாயிடம் நீங்கள் காணும் சாந்தம் நாளை திடீரென்று மாறிவிடும் சாந்தம் அல்ல.

மருத்துவப் பதிவுகளைத் தயங்காமல் கேளுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் எந்தத் தேதிகளில் போடப்பட்டன, குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது, கருத்தடை எப்போது நடந்தது என்பவை அதில் இருக்க வேண்டும். நம் தட்பவெப்பத்தில் உண்ணிக் காய்ச்சல் மிகச் சாதாரணமாக வருகிறது. எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்பது அவசியம். அந்தக் காய்ச்சல் வந்து உரிய சிகிச்சையில் குணமான நாயை அதன் காரணமாக ஒதுக்க வேண்டியதில்லை. உண்ணித் தடுப்பைத் தவறாமல் தொடர்ந்தால் அது நலமாக வாழும். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்தையும் எடுக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசிச் சான்று தேவைப்படும்.

தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். 2001இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாயை அது பிடிக்கப்பட்ட பகுதியிலேயே திரும்ப விடுவது என்பதுதான். செவலையைப் போல வீட்டில் வளர்ந்து, தெருவில் பிழைக்கத் தெரியாத நாய்க்கு அப்படித் திரும்ப ஓர் இடம் இல்லை. வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிட்டுப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாக்குவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றாலும், அதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரையும் என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அந்தச் சட்டம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை நினைக்கும்போது இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என்னைப் போன்ற முதியவர்களின் தரப்பையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். நானும் என் துணைவியாரும் மட்டுமே வீட்டில் இருக்கிறோம். குட்டி நாயின் பின்னால் ஓடுவதற்கு எங்கள் முழங்கால்கள் இடம்கொடுக்காது. அதனால் எட்டு வயதான ஒரு நாயைக் கேட்டு வாங்கி வந்தோம். அது எங்களுடைய நடைவேகத்துக்கே நடக்கிறது, நாங்கள் மதியம் கண்ணயரும்போது தானும் படுத்துக்கொள்கிறது. எங்களுக்கு உடல்நலம் இல்லாமல் போனால் அதைப் பொறுப்பேற்க அடுத்த தெருவில் இருக்கும் என் மருமகன் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்த பிறகுதான் காப்பகத்தார் நாயைத் தந்தார்கள். அவர்கள் அப்படிக் கேட்டது மிகவும் நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

சென்னையிலிருந்து, காப்பகத் தன்னார்வலர்:

அனைவருக்கும் நன்றி. ராணியின் முதல் நாட்களைப் பற்றிப் படித்தபோது, ஏற்கெனவே ஒருமுறை தத்துக்கொடுக்கப்பட்டு, நான்காம் நாளே திருப்பி அனுப்பப்பட்ட எங்களுடைய இன்னொரு நாய் நினைவுக்கு வந்தது. சாப்பிடவில்லை, ஒளிந்துகொள்கிறது என்பதே அந்தக் குடும்பத்தார் சொன்ன காரணம். இனி நாயை அழைத்துச் செல்பவர்களிடம் அந்த மூன்று நாள், மூன்று வாரக் கணக்கை அச்சடித்தே கொடுத்துவிடலாம் என்று மற்ற தன்னார்வலர்களிடம் பேசியிருக்கிறேன்.

செவலையைப் பார்க்க வர விரும்புவதாகத் தனிச்செய்தியில் கேட்டிருந்த உறுப்பினருக்கு: உணவு நேரத்தைத் தவிர்த்து, காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாக நாய்க்கு அஞ்சுபவர் யாரேனும் இருந்தால் அவரும், உடன் வருவது நல்லது. கூண்டுக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் பாய் விரித்துத் தருகிறோம், செவலையை அங்கே அழைத்து வருகிறேன். மற்ற நாய்களோடும் குழந்தைகளோடும் அது பழகும் விதம் எங்களுக்குத் தெரியும். பூனைகளோடு எப்படி இருக்கும் என்பதை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் பூனை இருந்தால் முன்னரே தெரிவியுங்கள், கம்பித் தடுப்புக்கு இருபுறமும் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு தனி அறையை ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன்.