ஹீட்டர் சூடு போதவில்லை: கோர் அடைப்பா, வாட்டர் பம்ப்பா?

அண்ணாமார், தம்பிமாருக்கு வணக்கம். வாகனம் டொயோட்டா கொரோலா 121, 2003, பெற்றோல், ஓட்டோ கியர். இடம் நுவரெலியா.

போன மழைக்காலத்திலிருந்து ஹீட்டரில் சூடு குறைவு. ஐட்லில் நின்றால் குளிர்காற்றுதான். 2500 ஆர்பிஎம் பிடித்தால் இளஞ்சூடு வரும். விடியற்காலையில் ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது முன்கண்ணாடி உட்புறம் பனி மூடிவிடுகிறது. அந்த வளைவுகளில் இது உண்மையிலேயே ஆபத்து.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், மட்டம் குறைந்திருந்தது. கூலன்ட்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து, சுமார் 600 மி.லி. விட்டேன். பிறகு முன்பக்கம் மேடாக நிறுத்தி, மூடி திறந்தபடி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். குமிழி நின்றது, டாஷ்போர்டுக்குள் கேட்ட தண்ணீர்ச் சத்தமும் நின்றது. சூடு மட்டும் வரவில்லை.

தெர்மோஸ்டாட்டும் மூடியும் புதிது. எஞ்சின் வெப்பம் காட்டும் முள் நடுவில்தான் நிற்கிறது. சூடு மாற்றும் கேபிள் முழுத் தூரம் நகர்கிறது. மட்டம் அதன்பின் இறங்கவில்லை. ஒயில் மூடியில் பால்நிறம் இல்லை, வெள்ளைப்புகை இல்லை, கால்மிதி நனையவில்லை.

ஃபயர்வோலில் (எஞ்சின் பகுதிக்கும் உள்பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பு) ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் கைவைக்க முடியாத சூடு, திரும்பி வரும் ஹோஸ் வெதுவெதுப்பு. ரேடியேட்டர் கழுத்தின் உள்ளே செம்பழுப்புத் துரு படிந்திருக்கிறது. முன்பு வெறும் பைப்புத் தண்ணீரில் ஓடியிருக்கவேண்டும். அதனால் ஹீட்டர் கோர் (டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) அடைப்பு என்றே நினைக்கிறேன். கராஜில், கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் என்கிறார்கள்.

டாஷ்போர்டையோ பம்பையோ கழற்றாமல், இரண்டில் எது என்று உறுதியாகக் கண்டுபிடிப்பது எப்படி?