பல்லை வைத்துப் பிறந்த இடத்தைச் சொல்ல முடியுமா? மேன்டிலில் தொடங்கும் ஒரு ஸ்ட்ரான்சியம் வழக்கு

கருங்கல்:
எக்ட்வெட் பெண்ணைப் பற்றிப் பேசத்தான் இந்தத் திரி. 1921-இல் டென்மார்க்கில் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது ஓக் மரப் பெட்டியில் கிடைத்தவள். கி.மு. 1370 வாக்கில் புதைக்கப்பட்டபோது அவளுக்கு வயது 16 முதல் 18. 2015-இல் அவளுடைய பல், முடி, நகம், கம்பளி ஆடை என எல்லாவற்றிலும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின், நிறை மட்டும் வேறான அணுவகை) அளந்தார்கள். இவள் இன்றைய டென்மார்க்கில் பிறக்கவில்லை, தெற்கு ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியாக இருக்கலாம் என்று முடிவு வந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது.

2019-இல் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் அதன் அடித்தளத்திலேயே கைவைத்தார்கள். ஒப்பிடுவதற்கு எடுத்த உள்ளூர் எண்களில், வயல்களில் கொட்டிய சுண்ணாம்பின் ஸ்ட்ரான்சியம் கலந்திருக்கிறது என்றார்கள். விவசாயம் தொடாத இடங்களில் அளந்தால், புதைத்த இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளேயே அவள் வாழ்ந்திருக்கலாமாம்.

நான் படித்தது பாறையியல். எரிமலைப் பாறையில் இதே ஐசோடோப்பை அளந்து, பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் அடுக்கைப் பற்றிச் சொல்வதை நான் முழுதாக நம்புகிறேன். பல்லை அளந்து ஒருவரின் பிறந்த இடத்தைச் சொல்வதை நம்ப முடியவில்லை. ஒரு மூட்டை சுண்ணாம்பில் கரைந்து போகும் முடிவை ஆதாரம் என்று எப்படிச் சொல்வது?

பொருநன்:
எனக்கு இந்தத் துறை புதிது. பாறையில் இருக்கும் ஒன்று பல்லுக்குள் எப்படி வந்தது? அதை முதலில் யாராவது சொன்னால் நானும் கூட வருவேன்.

ஆய்வகநிலா:
நான் சொல்கிறேன். சில ஆண்டுகள் இந்த வேலையைக் கையால் செய்தவள்.

ருபீடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அரை ஆயுள் சுமார் 4,900 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே 450 கோடிதான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த நிதானம் புரியும். ஸ்ட்ரான்சியம்-86 அப்படி எதிலிருந்தும் உருவாவதில்லை, அதனால் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதத்தை அளக்கிறோம். ருபீடியம் நிறைய உள்ள பாறை, வயதும் அதிகம் என்றால் விகிதம் ஏறிக்கொண்டே போகும்.

மேன்டில் ஓரளவு உருகும்போது ருபீடியம் குழம்போடு மேலே கிளம்பிவிடும். ஸ்ட்ரான்சியம் அவ்வளவு வேகமாகக் கிளம்பாது. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்ததில் கண்டங்களின் மேலோட்டில் ருபீடியம் சேர்ந்துவிட்டது, கீழே வறண்டுவிட்டது. இன்று கடலடி மலைத்தொடர்களில் வெளிவரும் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் விகிதம் 0.7025 அளவில் இருக்கும். கடல்நீரில் 0.7092. பழைய கிரானைட்டில் 0.72-ஐத் தாண்டியும் போகும்.

பாறை மண்ணாகிறது, மண்ணிலிருந்து செடிக்கும் தண்ணீருக்கும் போகிறது, அதை ஒரு குழந்தை உண்கிறது. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் உறவுக்காரன், பல் கட்டும்போது கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படும். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் ஒரு தடவை உருவானால் அப்படியே இருக்கும். முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் மூன்று வயது வாக்கில் முடிந்துவிடுகிறது. அந்த வயதுவரை என்ன மண் என்பது அதில் பதிவாகிவிட்டது.

இங்கே கருங்கல் ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். மேன்டிலும் மேலோடும் அப்படிப் பிரிந்திருக்காவிட்டால் இடத்துக்கு இடம் எண் இவ்வளவு மாறாது, பல்லும் எதையும் சொல்லாது. நீங்கள் நம்பும் அறிவியலின் மேல்தான் நீங்கள் நம்பாத அறிவியல் நிற்கிறது.

தாழி:
நன்றி நிலா, இதைத்தான் சொல்ல வந்தேன். நான் தொல்லியல் பக்கம். கருங்கல் ஐயா, பல்லுக்கு இவ்வளவு கேள்வி கேட்கிறீர்கள். மேன்டிலை யார் பார்த்தார்கள்? எரிமலைத் தீவுகளின் எண்களை வரைபடத்தில் போட்டு, நான்கு மூலையிலும் புள்ளிகள் குவிகின்றன, அதனால் மேன்டிலில் நான்கு வகைச் சரக்கு இருக்கிறது என்று 1986-இல் ஜிண்ட்லரும் ஹார்ட்டும் பெயர் வைத்தார்கள். அந்தச் சரக்கை இன்றுவரை ஒருவரும் கையில் எடுத்ததில்லை. என் பல் குறைந்தது கையில் இருக்கிறது. அது எந்தக் குழியில், யாருடைய வாயில் இருந்தது என்று தெரியும்.

கருங்கல்:
நல்ல அடி. ஆனால் அந்த நான்கு வகை வெறும் பெயராக நின்றுவிடவில்லை.

சமோவா தீவுகளை எடுங்கள். நடுக்கடல், சுற்றிலும் கண்டமே இல்லை. அங்கே கடலடியிலிருந்து எடுத்த எரிமலைப் பாறையில் 0.7205 வரை வந்ததாக 2007-இல் வெளியிட்டார்கள். மேன்டிலுக்கு இந்த எண் ஒட்டவே ஒட்டாது. கண்டத்திலிருந்து அரித்துக் கடலில் சேர்ந்த வண்டல், புவித்தட்டோடு சேர்ந்து உள்ளே அமிழ்ந்து, நெடுங்காலம் மேன்டிலில் கிடந்து, மறுபடி குழம்போடு மேலே வந்திருக்கிறது. ஒரு எண்ணை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை, மற்றத் தனிமங்களின் அளவும் கண்ட மேலோட்டின் சாயலில்தான் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது பசிபிக் கடலின் மங்காயா தீவு. அந்த எரிமலைக் குழம்பு உறைந்து 2 கோடி ஆண்டுதான் ஆகிறது. அதன் ஒலிவின் படிகத்துக்குள் சிறைப்பட்ட கந்தகத் துணுக்கில் ஒரு விசித்திரமான ஐசோடோப்புக் கோளாறு இருப்பதை 2013-இல் கண்டார்கள். காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலத்தில், புற ஊதாக் கதிர் நேராகக் கந்தக வாயுவின் மேல் பட்டால்தான் அந்தக் கோளாறு உண்டாகும். அந்தக் காலம் முடிந்து ஏறத்தாழ 245 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆக, அந்தப் பழைய வானத்துக்குக் கீழே கிடந்த ஒரு பொருள் மேன்டிலுக்குள் போய், இத்தனை காலம் கரைந்து மறையாமல் இருந்து, திரும்பி வந்திருக்கிறது. இதற்கு வேறு விளக்கம் சொல்லுங்கள் பார்ப்போம். இதை முதல் தடவை படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

பல்லில் இந்த மாதிரி ஓர் அடையாளம் உண்டா? 0.711 என்ற எண் ஒரே கண்டத்திலேயே நூறு இடத்தில் இருக்கும்.

ஆய்வகநிலா:
இருக்கும். அதனால்தான் ஸ்ட்ரான்சியம் ஒன்றை மட்டும் வைத்து யாரும் நிறுத்தக்கூடாது. நிறுத்தாமல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓட்ஸி இருக்கிறார். 1991-இல் ஆல்ப்ஸில் 3,210 மீட்டர் உயரத்தில் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுப் பழைய மனிதர். 2003-இல் அவருடைய பல்லிலும் எலும்பிலும் ஸ்ட்ரான்சியம், ஈயம், ஆக்சிஜன் மூன்றையும் அளந்தார்கள்.

மலையின் வடக்கில் பெய்யும் மழை அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. தெற்கில் பெய்வது வெதுவெதுப்பான மத்திய தரைக்கடல் மழை. இரண்டுக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்பு வேறு. ஓட்ஸி தெற்கு மழையைக் குடித்தவர். ஆக, மலையின் பாதி கழிந்தது. அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் பாறைகள் ஒன்றுக்கொன்று வயதிலும் வகையிலும் வேறுபட்டவை, ஸ்ட்ரான்சியமும் ஈயமும் அவற்றை வடிகட்டின. குடலில் இருந்த மைக்கா செதில்களைக்கூட விடாமல் ஆர்கான் முறையில் அவற்றின் வயதைக் கணக்கிட்டார்கள். கிடைத்த இடத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டருக்குள்தான் அவர் வாழ்நாள் கழிந்தது என்பது முடிவு. உங்கள் மங்காயா வேலையும் இதே மாதிரிதானே? ஒரு தனிமம் விட்ட சந்தேகத்தை இன்னொன்று அடைக்கிறது.

அப்புறம், அளவில் பிழை இருக்குமோ என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம். மண்ணுக்கடியில் கிடந்த பல்லின் மேற்பரப்பில் அந்த மண்ணின் ஸ்ட்ரான்சியம் ஏறியிருக்கும், அதை முதலில் சுரண்டி எறிந்துவிடுவோம். பிறகு வைரப்பொடி பூசிய சிறு துளைப்பானால், உள்ளே இருக்கும் டென்டினைத் தொடாமல், சில மில்லிகிராம் எனாமல் மட்டும் எடுப்போம். அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, விரல் நீளக் குழாயில் நிரப்பிய பிசின் மணிகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். கால்சியமும் ருபீடியமும் கீழே போய்விடும், ஸ்ட்ரான்சியம் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு வெறும் தண்ணீரை விட்டால் கழன்று வரும். அந்தச் சில சொட்டுக்காக ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன். ருபீடியம் கொஞ்சம் தப்பி வந்தாலும் கெட்டது கதை, ஏனென்றால் அதற்கும் நிறை 87, கருவிக்கு வித்தியாசம் தெரியாது. சரியாகச் செய்தால் ஐந்தாவது தசம இடம்வரை நம்பலாம்.

கருங்கல்:
கருவியை நான் சந்தேகிக்கவே இல்லை. ஒப்பிடும் வரைபடத்தைத்தான் சந்தேகிக்கிறேன். எக்ட்வெட்டில் பல்லின் எண்ணை யாரும் தவறென்று சொல்லவில்லை. சுண்ணாம்பு கடலில் உருவானது, அதன் விகிதம் குறைவு. அது கலந்தால் உள்ளூர் எண்கள் கீழே இறங்கும், உள்ளூர்ப் பெண்ணே வெளியூர்க்காரி ஆகிவிடுவாள். ஐந்து தசமம் துல்லியமாக அளந்து தவறான ஊருக்கு அனுப்புவதில் என்ன பயன்?

தாழி:
அதிலும் மறுபக்கம் உண்டு. முதலில் ஆய்வு செய்தவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சுண்ணாம்பின் தாக்கம் மேல்மண்ணோடு நின்றுவிடுகிறது, ஆழத்துக்கு இறங்குவதில்லை என்று பிறகு அளந்து காட்டினார்கள். வழக்கு முடியவில்லை.

சரி, எக்ட்வெட்டை விடுங்கள். மெக்ஸிகோவின் காம்பேச்சேயில் 16, 17-ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் ஒன்று கிடைத்தது. அங்கே சிலருடைய முன்பற்கள் அரத்தால் அராவிக் கூராக்கப்பட்டிருந்தன. எனாமலை அளந்தால் 0.735-க்கு மேல். சுற்றுவட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், அந்த மண்ணில் இந்த எண் வரவே வராது. மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பழைய பாறைத்தளத்தில் வரும். அடிமையாகப் பிடித்து, கடல் கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். 2006-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையைப் படித்தபோது எண்ணைப் பார்த்துக் கண் கலங்கியது. பெயரும் இல்லை, பதிவேடும் இல்லை. பிறந்த மண் மட்டும் பல்லில் மிஞ்சியிருக்கிறது.

கருங்கல்:
இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் முறையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால் சொல்கிறேன். கயானா பாறைத்தளமும் அதே அளவு பழையது, அங்கேயும் உயர்ந்த எண்கள் உண்டு. ஆப்பிரிக்கா என்று சொன்னது எண் இல்லை. அராவிய பல்லும் வரலாறும் சேர்ந்துதான் சொன்னன.

ஆய்வகநிலா:
சரியாகச் சொன்னீர்கள், நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். 'இங்கே பிறந்தவர் இல்லை' என்று எண் உறுதியாகச் சொல்லும். 'அங்கே பிறந்தவர்' என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். செய்தித்தாளில் இரண்டாவதுதான் தலைப்பாகிறது, அதில் எனக்கும் வருத்தம் உண்டு.

பொருநன்:
ஒரு சந்தேகம். வரைபடம்தான் சிக்கல் என்றால், வரைபடமே இல்லாமல் செய்ய வழியில்லையா?

ஆய்வகநிலா:
இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி இதுதான். வழி இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபான்டைன், ஸ்வார்ட்கிரான்ஸ் குகைகளில் கிடைத்த 19 ஆதி மனித இனப் பற்களை லேசரால் சுட்டு அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழையவை. பெரிய பற்களில், அதாவது ஆண்களுடையதாகக் கொள்ளக்கூடியவற்றில், பத்தில் ஒன்றுதான் வெளியிலிருந்து வந்தது. சிறிய பற்களில் பாதிக்கு மேல். பெண்கள்தான் பிறந்த கூட்டத்தை விட்டுப் போனார்கள் என்று தெரிகிறது. எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இரு குழுவுக்கும் உள்ள வேறுபாடே பதில்.

இன்னொன்று, ஒரே வாயில் இரண்டு பல். முதல் கடைவாய்ப்பல் குழந்தைப் பருவத்துடையது. ஞானப்பல்லின் எனாமல் பதின்ம வயதில் முடிவது. இரண்டுக்கும் எண் வேறு என்றால் இடையில் அவர் இடம் மாறியிருக்கிறார். இதில் சுண்ணாம்புக்கு எங்கே வேலை?

கருங்கல்:
சுண்ணாம்புக்கு வேலை இல்லைதான். சாப்பாட்டுக்கு இருக்கிறதே! இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, வளர்ந்த பிறகு கடல்மீனும் கடலுப்பும் அதிகம் சாப்பிடத் தொடங்கினாலும் எண் மாறுமே.

ஆய்வகநிலா:
மாறும். ஆனால் எந்தப் பக்கம் மாறுகிறது என்று பாருங்கள். கடல் எதைத் தொட்டாலும் 0.7092-ஐ நோக்கித்தான் இழுக்கும். முதல் பல் 0.710, ஞானப்பல் 0.716 என்று இருந்தால் எந்த மீனாலும் அதைச் செய்ய முடியாது. 0.7092-ஐ நோக்கி நகர்ந்திருந்தால் நீங்கள் சொல்வதுபோலச் சந்தேகப்பட வேண்டும், கார்பனையும் நைட்ரஜனையும் அளந்து கடல் உணவா என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

கருங்கல்:
கடலை விட்டு விலகிப் போகும் எண் என்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே வாய்க்குள் ஒப்பிடுவதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தொடக்கப் பதிவில் 'நம்ப முடியவில்லை' என்று மொத்தமாகத் தள்ளியது தவறு, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

எக்ட்வெட் பெண் விஷயத்தில் மட்டும் இன்னும் மனம் மாறவில்லை. தாழி, அந்தப் பெட்டிக்குள் அவளுடைய ஞானப்பல் இருந்ததா, அதை யாராவது அளந்தார்களா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.