கல்லூரி லேப் ஸ்கோப், மீட்டர் மொத்தமாக 26,000 சொல்கிறார், கொடுக்கலாமா?

திருமங்கலம் பெஞ்ச்:
வணக்கம். திருமங்கலத்தில் சின்னதாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், ஆம்ப்ளிஃபயர் போர்டு எல்லாம் பார்க்கிறேன். கப்பலூர் பக்கம் பழைய சாமான் எடுக்கிற ஒருவரிடம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் லேப் சரக்கு வந்திருக்கிறது. சயின்டிஃபிக் எச்.எம்.203 ஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப், 20 மெகாஹெர்ட்ஸ்), எச்.பி. 3478ஏ டேபிள் மல்டிமீட்டர், ஆப்லேப் டூயல் (இரண்டு அவுட்புட்) பவர் சப்ளை, பெயர் அழிந்துபோன ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர் (சோதனை அலை தருவது). நான்கும் சேர்த்து 26,000, பிரித்துத் தர மாட்டாராம். "புதுசா வாங்குனா லட்சத்துக்கு மேல தம்பி" என்கிறார். ஸ்கோப் பச்சைக் கோடு காட்டியது, அதற்கு மேல் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. புரோப் (சிக்னலை எடுக்கிற வயர்) இல்லை. என்ன விலை கேட்கலாம்?

புதூர் எஸ்டேட்:
புது விலையைச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்கள் வேலைக்கு இன்று வேறு எது வாங்கினால் போதுமோ அதன் விலைதான் கணக்கு, அதிலிருந்து புரோப் செலவையும் ரிப்பேர் ரிஸ்கையும் கழியுங்கள். கோடு வருகிறது என்பது பாதி சேதிதான்.

காலேஜ் ஸ்கோப்பில் முதலில் அணைத்து வைத்து டார்ச் அடித்துத் திரையின் நடுவைப் பாருங்கள். லிசாஜூ படம் எடுக்கிற பரிசோதனையில் எக்ஸ்-ஒய்யில் (இரண்டு சிக்னலை ஒன்றுக்கொன்று எதிராக வரையும் நிலை) போட்டுவிட்டுப் பையன்கள் சிக்னலைக் கழற்றிவிடுவார்கள், ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் நின்று திரையின் பாஸ்பர் பூச்சு கருகிப்போகும். பழுப்பாகப் பொட்டு மாதிரி தெரிந்தால் பாதி விலைக்கும் கேட்காதீர்கள், அந்தத் திரைக் குழாய்க்கு மாற்று தேடி அலைய வேண்டிவரும். அப்புறம் ஆன் செய்து கால் மணி நேரம் விடுங்கள். இன்டென்சிட்டியை முழுக்கத் திருகினால்தான் கோடு தெரிகிறது என்றால் குழாய் தேய்ந்துவிட்டது. கோடு லேசாகச் சாய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், முன்பக்கம் டி.ஆர். என்று ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதில் நேராகிவிடும்.

புரோப்பை யாரிடமாவது இரவல் வாங்கிப் போங்கள். முகப்பிலேயே 0.2 வோல்ட், 2 வோல்ட் சதுர அலை தருகிற முனைகள் உண்டு. ×10 புரோப்பை (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பது) 0.2 முனையில் வைத்துக் கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட் ரேஞ்சில் பார்த்தால் சரியாக 4 கட்டம் உயரம் வர வேண்டும், இரண்டு சேனலிலும். பிறகு வோல்ட்ஸ் ஸ்விட்சை ஒவ்வொரு நிலைக்கும் திருப்புங்கள். அலை குதித்தாலோ காணாமல் போனாலோ பெரும்பாலும் கான்டாக்ட் அழுக்கு, கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் சரியாகும், ஆனால் பேரம் பேச அது போதும். டைம்பேஸை (நேர அளவை) சோதிக்க வேறு ஒன்றும் வேண்டாம். புரோப் முனையை விரலால் தொட்டால் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அலை வரும், கட்டத்துக்கு 5 மில்லிசெகண்டில் வைத்தால் ஒரு சுழற்சிக்கு 4 கட்டம்.

ஸ்கோப்பின் மெயின்ஸ் பிளக்கையும் பாருங்கள் தம்பி. எர்த் பின்னை வெட்டியிருந்தால் யாரோ எஸ்.எம்.பி.எஸ். பிரைமரியில் (மெயின்ஸ் கரண்ட் நேராக வரும் பக்கம்) வைத்து விளையாடியிருக்கிறார்கள், இன்புட் பக்கம் அடி வாங்கியிருக்கலாம்.

நத்தம் ரோடு:
எனக்கு இது சரிப்படவில்லை. அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் ரைகோல் மாதிரி புது டிஜிட்டல் ஸ்கோப்பே வாங்கலாம், வாரன்டியோடு. இன்வெர்ட்டர் ஆன் ஆகும்போது ஒரே ஒரு தடவை வந்து போகிற கோளாறை இந்தப் பழைய அனலாக் ஸ்கோப்பில் எப்படிப் பிடிப்பீர்கள்? கண்ணிமைப்பதற்குள் போய்விடும்.

புதூர் எஸ்டேட்:
நத்தம் ரோடு அண்ணன் சொல்வது சரிதான், அதற்கு டிஜிட்டல்தான். ஆனால் ஆம்ப்ளிஃபயர் போர்டில் ஹம் (உறுமல்), கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (அலை சைபரைக் கடக்கும் இடத்தில் வரும் கோணல்) பார்க்க இது தாராளம். எச்.எம்.203இல் பாகங்களைச் சோதிக்கிற காம்பொனென்ட் டெஸ்டர் வேறு இருக்கிறது. ஷார்ட் என்றால் செங்குத்துக் கோடு, ஓபன் என்றால் படுக்கைக் கோடு. சர்வீஸ் கடைக்கு அது ஒன்றே பாதிக் காசு.

மீட்டர் பைத்தியம்:
ஸ்கோப்பை விடுங்கள், அந்த லாட்டில் சரக்கே 3478ஏதான். ஐந்தரை இலக்கம், அவ்வளவு நுணுக்கமாகக் காட்டும். கடைக்காரருக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள் :)

ஆனால் ஒரு கண்டம் உண்டு. அதன் கேலிபரேஷன் எண்கள் (அளவைச் சரியாக்கும் திருத்தங்கள்) பேட்டரியில் ஓடும் மெமரியில் இருக்கின்றன, உள்ளே 3 வோல்ட் லித்தியம் பேட்டரி சோல்டர் செய்திருக்கும். பேட்டரி செத்தால் எண்கள் போய்விடும், மறுபடி கேலிபரேட் செய்ய ஆகும் செலவு மீட்டர் விலையையே தொட்டுவிடும். ஆன் செய்ததும் "செல்ஃப் டெஸ்ட் ஓகே" என்று வர வேண்டும், அது வராவிட்டால் அடிமாட்டு விலைதான். வந்தால் நல்ல மீட்டர் ஒன்றை எடுத்துப் போய் 9 வோல்ட் பேட்டரியில் இரண்டையும் ஒப்பிடுங்கள். பிளக் போடும் முன் பின்பக்கம் வோல்டேஜ் செட்டிங் 120இல் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் நம் ஊர் கரண்டுக்கு ஆகாது.

பவர் சப்ளைக்கு லோடு கொடுக்காமல் நம்ப வேண்டாம், ஒரு 12 வோல்ட் கார் பல்பு போதும், வோல்ட் இறங்காமல் நிற்க வேண்டும். பெயர் தெரியாத ஜெனரேட்டருக்கு நான் சைபர்தான் போடுவேன்.

திருமங்கலம் பெஞ்ச்:
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், எல்லோருக்கும் நன்றி. திரையில் பொட்டு இல்லை. இரண்டாவது சேனலில் 50 மில்லிவோல்ட் நிலையில் மட்டும் அலை ஆடுகிறது, மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது. மீட்டர் செல்ஃப் டெஸ்ட் ஓகே காட்டியது, என் கை மீட்டரோடு இரண்டாவது தசமம் வரை ஒத்துப்போனது. பவர் சப்ளையில் ஒரு பக்கம் பல்பு போட்டதும் 12இலிருந்து 7க்கு இறங்கிவிட்டது. அதையும் ஆடுகிற அலையையும் அவருக்கே காட்டி 17,000 கேட்டேன், 19,500இல் நிற்கிறார்.

புதூர் எஸ்டேட்:
இறங்குகிற பக்கம் சீரிஸ் பாஸ் டிரான்சிஸ்டரோ ஃபில்டர் கெபாசிட்டரோதான் இருக்கும், உங்களுக்கே கைவந்த வேலை. ஜெனரேட்டரை அவரிடமே விட்டுவிட்டு 18,000 சொல்லுங்கள். பழைய புரோப் வேண்டாம், புதிதாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.

மீட்டர் பைத்தியம்:
18,500க்குக் கூட எடுக்கலாம். எடுத்த கையோடு பேட்டரியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஜி.பி.ஐ.பி. கேபிள் (மீட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது) வழியாக அந்த மெமரியை அப்படியே படித்துக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு அப்புறம் மாற்றலாம். அடாப்டர் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணி பக்கம் வந்தால் மீட்டரோடு வாருங்கள்.