மாநாடும் அல்ல, மறுசீரமைப்பும் அல்ல

பொருள்: மறு: ‘மாநாட்டு மறுசீரமைப்பு’ – சரியான சொல் வேண்டும்
மதுரையிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பல்கலைக்கழகங்கள் தாம் ஆடிவந்த தொகுதியை விட்டு வேறொரு தொகுதிக்குப் போவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இழையைத் தொடங்கிய அம்மையார் கேட்டிருந்தார். ‘conference realignment’ என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து முதல் விடையாக வந்த ‘மாநாட்டு மறுசீரமைப்பு’ என்ற தொடரை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘பிக் டென் மாநாட்டில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள் உள்ளன.’ படித்தவுடன் பந்தலும் மேடையும் வரவேற்புக் குழுவும் கண்முன் வருகின்றன. மாநாடு என்றால் கூடுவார்கள், பேசுவார்கள், தீர்மானம் போடுவார்கள், மூன்றாம் நாள் கலைந்துபோவார்கள். பிக் டென் என்ற தொகுதியோ 1896ஆம் ஆண்டிலிருந்து கலையாமல் இருக்கிறது.

‘மறுசீரமைப்பு’ அதைவிடத் தவறானது என்பது என் கருத்து. தேர்தல் தொகுதி மறுசீரமைப்பு என்று நாளிதழில் படிக்கும்போது, ஓர் ஆணையம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மேலிருந்து கோடு கிழிப்பதாகத்தான் நாம் புரிந்துகொள்கிறோம். இங்கே அப்படிக் கோடு கிழிக்க எவரும் இல்லை. அந்த இடத்தில் என்.சி.ஏ.ஏ. என்ற தலைமை அமைப்பு ஒருகாலத்தில் இருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் தொலைக்காட்சியில் எத்தனை முறை வரலாம் என்பதை அதுவே முடிவுசெய்தது. இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் எவரும் வரக்கூடாது என்பது அதன் விதி. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில், அந்த ஏற்பாடு வணிகப் போட்டியைத் தடுப்பதால் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட் தம் இளமையில் புகழ்பெற்ற கால்பந்து ஆட்டக்காரர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அன்றிலிருந்து தன் ஆட்டத்தைத் தானே விற்கலாம் என்ற உரிமை பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. தனியாக விற்பதைவிடச் சேர்ந்து விற்றால் விலை கூடும் என்பதால், ஒன்றோடொன்று ஆடுவதற்காக இருந்த தொகுதிகள் ஒன்றுசேர்ந்து விற்பதற்கான தொகுதிகளாக மாறின. நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் நிகழ்வின் வேர் இந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

‘மண்டலம்’, ‘வட்டாரம்’ என்ற பரிந்துரைகளும் வந்தன. 1990இல் இவை பொருந்தியிருக்கும். இன்று பசிபிக் கரையோரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் ‘அட்லாண்டிக் கரை’ என்று பெயர்கொண்ட தொகுதியில் ஆடுகின்றன. பிக் டென்னில் பத்து இல்லை, பதினெட்டு. பிக் 12இல் பன்னிரண்டு இல்லை, பதினாறு. 1990இல் பென் ஸ்டேட் பதினோராவதாகச் சேர்ந்தபோது, பிக் டென் பெயரை மாற்றாமல் தன் சின்னத்தில் ஒரு வேலை செய்தது: நடுவே இருக்கும் ‘டி’ எழுத்தின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தை உற்றுப் பார்த்தால் 11 என்ற எண் தெரியும். கணக்குக்கும் பெயருக்கும் பிணக்கு வந்துவிட்டது என்று தெரிந்தே மறைத்துவைத்த எண் அது. நிலம் இதிலிருந்து விலகிவிட்டதால், நம் சொல்லுக்குள் நிலத்தைக் குறிக்கும் எதுவும் இருக்கக்கூடாது என்று கருதுகிறேன்.

நிலம் ஏன் விலகியது என்பதற்கும் ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. அமெரிக்கக் கேபிள் முறையில் ஒரு வீட்டார் ஓர் அலைவரிசையைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், கேபிள் நிறுவனம் அந்த வீட்டின் கணக்கில் மாதந்தோறும் ஒரு தொகையை அலைவரிசைக்குக் கொடுக்கும். இதை நான் ‘தலைக்கட்டுக் கட்டணம்’ என்று மொழிபெயர்க்கிறேன். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பது இப்படித்தான். கரகாட்டம் பார்க்க வந்தாயா என்று யாரும் கேட்பதில்லை, வீடு இருந்தால் வரி உண்டு. பிக் டென் 2007இல் தனக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. தன் உறுப்பினர் இருக்கும் மாநிலத்து வீட்டுக்கு அதிகத் தொகையும் மற்ற மாநிலத்து வீட்டுக்கு மிகக் குறைந்த தொகையும் அதற்குக் கிடைத்தன. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான், கால்பந்தில் பெரிய வெற்றிகள் எதுவும் இல்லாத ரட்கர்ஸ் 2014இல் ஏன் சேர்க்கப்பட்டது என்பது விளங்கும். ரட்கர்ஸ் இருப்பது நியூ ஜெர்சியில், நியூ யார்க் நகரின் வாசலில். அவர்கள் சேர்த்துக்கொண்டது ஓர் அணியை அன்று, தலைக்கட்டுகளை.

பிறகு அந்த வீடுகள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கின. 2011 வாக்கில் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்த இஎஸ்பிஎன் என்ற விளையாட்டு அலைவரிசை, 2023இல் சுமார் 7 கோடி வீடுகளில்தான் இருந்தது. வரி கட்டும் தலைக்கட்டு குறைந்ததும், உண்மையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களின் எண்ணிக்கைக்கு விலை ஏறியது. நேரலை ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் மக்கள் ஒரே நேரத்தில் கூடிப் பார்ப்பதில்லை என்பதால், அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிகள் அள்ளிக்கொடுத்தன. டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2021இல் தென்கிழக்குத் தொகுதிக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பல்கலைக்கழகங்கள் 2022 ஜூன் 30 அன்று பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அதற்கு ஏழு வாரங்களுக்குப் பின் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்று தொலைக்காட்சிகளும் சேர்ந்து பிக் டென்னுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன.

ஆகவே என் பரிந்துரை: தொகுதிக்குக் ‘குழாம்’, நிகழ்வுக்குக் ‘குழாம்பெயர்வு’. இடப்பெயர்வு, புலம்பெயர்வு என்ற அமைப்பிலேயே இதுவும் நிற்கிறது. பெயர்வது பல்கலைக்கழகம் என்பதும், யாரும் அதைப் பெயர்த்து வைக்கவில்லை என்பதும் சொல்லிலேயே இருக்கின்றன.

*

பொருள்: மறு: மறு: ‘மாநாட்டு மறுசீரமைப்பு’
யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, வணக்கம்.

தலைக்கட்டுக் கட்டணத்தை இரு கைகளாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குழாமை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறேன். எங்கள் பத்திரிகைகளில் உலகக் கிண்ணத்துக்கு அறிவிக்கப்படும் பதினைந்து வீரர்களின் பெயர்ப்பட்டியலே ‘குழாம்’. ‘டெக்சஸ் குழாம் பெயர்ந்தது’ என்று எழுதினால், இங்கே வாசிக்கிறவர் அணி விமானமேறிவிட்டது என்று நினைப்பார். ‘சம்மேளனம்’ என்றும் எழுத இயலாது, அது எங்களிடம் தலைமைச் சங்கத்தைக் குறிக்கிறது. விளையாட்டின் பெயரிலும் சிக்கல் உண்டு: நீங்கள் கால்பந்து என்பதை நாங்கள் உதைபந்தாட்டம் என்கிறோம், கையால் எறிந்தும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் ஓடுகிற இந்த ஆட்டத்தை உதைபந்தாட்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘அமெரிக்கக் கால்பந்து’ என்றே வைத்துக்கொள்வோம்.

நீங்களே சொன்ன காரணத்தைக் கொண்டு வேறொரு சொல்லை முன்வைக்கிறேன். இவர்கள் தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள். வெளியாருக்குக் கூட்டாக விற்கிறார்கள். எனவே தொகுதி ‘போட்டிக்கூட்டு’, சுருக்கமாகக் ‘கூட்டு’. அதிலிருந்து மாறுவது ‘கூட்டுமாற்றம்’. ‘கூடு’ என்ற சொல்லும் வேற்றுமையில் ‘கூட்டு’ என்றே திரியும் என்பதால், கூடு விட்டுக் கூடு பாய்வதும் இதற்குள் கேட்கிறது. அதைச் சொல்லின் தகுதியாக நான் வாதிடமாட்டேன். தற்செயலாக வாய்த்த நன்மை.

குழாம்பெயர்வால் சொல்ல முடியாத ஒன்றும் இதனால் முடிகிறது. 2023 ஜூலையில் கொலராடோ, மேற்குக் கரையின் பசிபிக்-12 கூட்டை விட்டு விலகியது. லாஸ் ஏஞ்சலஸின் இரண்டும் ஏற்கெனவே அதை விட்டுப் போவதாக அறிவித்திருந்ததால், மிஞ்சிய ஒன்பது உறுப்பினருக்கு ஆப்பிள் நிறுவனத்தின் இணையவழி ஒப்பந்தம் ஒன்று முன்வைக்கப்பட்டது. சந்தா கட்டுகிறவர் எத்தனை பேரோ அதற்கேற்ப வருமானம் என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் போய்விட்டன. செப்டெம்பர் முதல் நாளில் மேலும் இரண்டு அட்லாண்டிக் கரையின் அழைப்பைப் பெற்றன. ஒரெகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சின. இந்த இரண்டும் எங்கும் பெயரவில்லை, ஆனால் இவற்றுக்கு நேர்ந்ததற்கும் ஒரு பெயர் வேண்டும். ‘கூட்டுக்கலைவு’ என்று சொல்லலாம். 1996இல் தென்மேற்குக் கூட்டு இல்லாமற்போனதும் அதுவே. அதிலிருந்து டெக்சஸ் உட்பட நான்கு பல்கலைக்கழகங்கள் பிக் எய்ட் என்ற கூட்டோடு சேர்ந்து பிக் 12 ஆனது கூட்டுமாற்றம்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. உறுப்பினர் தன் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். இடையில் அவர் போனாலும் உரிமை போகாது. தேசவழமைச் சட்டத்தில் எங்களுக்குப் பழக்கமான ‘ஒற்றி’ நினைவுக்கு வருகிறது. காணி என்னுடையது, விளைச்சல் ஒற்றி பிடித்தவருடையது. ‘உரிமை ஒற்றி’ சரியா என்று சொல்லுங்கள்.

*

பொருள்: மறு: மறு: மறு: ‘மாநாட்டு மறுசீரமைப்பு’
சிங்கப்பூரிலிருந்து

கூட்டுக்குடும்பம், கூட்டுப்பிரார்த்தனை, கூட்டுறவு என்பவற்றோடு பழகிய கண்ணுக்குக் ‘கூட்டுமாற்றம்’ என்பது பலர் சேர்ந்து செய்யும் மாற்றமாகவே தெரியும். பொரியலுக்குப் பக்கத்தில் வைக்கும் கூட்டை நான் குறிப்பிடவில்லை. அதைக் குறிப்பிட யாராவது வருவார்கள்.

*

பொருள்: மறு: மறு: மறு: மறு: ‘மாநாட்டு மறுசீரமைப்பு’
மதுரையிலிருந்து

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு: குழாமைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாட்டு வாசகருக்கும் ஒரே பொருளைத் தராத சொல்லைப் புதிதாக உருவாக்குவதில் பயனில்லை.

சிங்கப்பூர் நண்பர் சொன்ன மயக்கம் உண்மையானது. ஆயினும் பெயர்ச்சொல்லாக நிற்கும்போதுதான் அந்த மயக்கம் வருகிறது, வினையாக்கினால் போய்விடுகிறது. ‘டெக்சஸ் 2024இல் கூட்டு மாறியது’, ‘கூட்டு மாறுவதற்காக டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து 10 கோடி டாலர் விலகுதொகை கட்டின’ என்பவற்றைக் கட்சி மாறியது, வீடு மாறியது என்ற பழக்கத்தில் எவரும் தயங்காமல் படிப்பார்கள். கட்டுரையின் முதல் இடத்தில் ‘போட்டிக்கூட்டு’ என்று முழுமையாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கலாம். இவர்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தே மாறுகிறார்கள் என்பதால், அந்தத் தவறான பொருள்கூட முழுக்கத் தவறாகிவிடவில்லை. ‘கூட்டுத்தாவல்’ என்று ஒருவர் எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார். கட்சித்தாவலின் வசை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தி எழுத்தாளருக்கு அது உதவும், கலைச்சொல் பட்டியலுக்கு உதவாது. ஆனாலும் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் வளாகமும் பெர்க்லி வளாகமும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை; முன்னது கூட்டு மாறியதால் பின்னதற்கு நேர்ந்த இழப்புக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும் என்று ஆட்சிக்குழு விதித்தது. அங்குள்ள பத்திரிகைகள் அதற்கு ஜீவனாம்சம் என்று பொருள்படும் ஒரு கேலிப்பெயரையே சூட்டிவிட்டன.

‘உரிமை ஒற்றி’ குறித்து எனக்குத் தயக்கம் இருந்தது. ஒற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் காணியை மீட்கலாம். இந்த ஏற்பாட்டில் மீட்பு என்ற ஒன்றே இல்லை. அட்லாண்டிக் கரைக் கூட்டில் 2036 வரை உரிமை கட்டுண்டிருந்ததால்தான் ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் அதற்கடுத்த மார்ச்சிலும் வழக்குப் போட்டன. எனவே ‘உரிமை ஒப்படைப்பு’ என்று எளிமையாகச் சொல்லிவிடலாம் என்று நேற்றிரவு வரை எண்ணியிருந்தேன். பிறகு 2025 மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்தின் செய்திகளை மறுபடி படித்தேன். விலகுகிறவர் ஒரு தொகையைக் கட்டிவிட்டுத் தன் உரிமையையும் கையோடு எடுத்துப்போகலாம். அந்தத் தொகை ஆண்டுதோறும் குறைந்து 2030-31இல் 7.5 கோடி டாலருக்கு வரும். அதாவது மீட்பு இல்லாமல் தொடங்கிய ஏற்பாட்டுக்கு நடுவழியில் மீட்பு வந்துவிட்டது. சமரசத்துக்கு முந்தையதை ஒப்படைப்பு என்றும் பிந்தையதை ஒற்றி என்றும் எழுதுவது நுணுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே ஆவணத்துக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். பட்டியலில் ‘உரிமை ஒப்படைப்பு’ என்றும் விளக்கத்தில் ஒற்றியோடு ஒப்புமை காட்டியும் எழுத ஐயா ஒப்புவார் என்று நம்புகிறேன்.

பதிவுக்கான வரைவு இது:

போட்டிக்கூட்டு: தமக்குள் போட்டியிட்டு, ஒளிபரப்பு உரிமையைச் சேர்ந்து விற்கும் பல்கலைக்கழகங்களின் தொகுதி. கூட்டுமாற்றம்: ஓர் உறுப்பினர் தன் விருப்பின்படி ஒரு போட்டிக்கூட்டை விட்டு இன்னொன்றில் சேர்தல், வினை, கூட்டு மாறு.

‘தன் விருப்பின்படி’ என்ற சொற்களை நீக்கலாமா என்று மட்டும் அனைவரும் சொல்லுங்கள். கூடு கலைந்தபின் ஸ்டான்ஃபோர்டு கண்டம் கடந்து போனதை விருப்பம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதே நேரத்தில் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி இரண்டோடும் அட்லாண்டிக் கரையில் சேர்ந்த மூன்றாவது பல்கலைக்கழகமான தென் மெதடிஸ்ட், ஒன்பது ஆண்டுகளுக்கு அந்தக் கூட்டின் ஒளிபரப்புப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தது. அதை விருப்பம் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது?