புதுப்பிப்பு: சிறப்புக் குழந்தைகளுக்கான பணியை விடுவதா என்ற என் கேள்வி

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் வகுப்பறை உதவியாளரான நான், உடலும் மனமும் ஓய்ந்துபோன நிலையில் வேலையை விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடவில்லை, ஆனால் பழையபடியும் தொடரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவாக விளக்கியதை ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். கடுஞ்சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகுதல், திறன் குறைந்துவிட்டதான உணர்வு என அது கூறும் மூன்று கூறுகளில் என்னிடம் இருந்தது முதலாவது மட்டுமே. குழந்தைகள் மீதான அக்கறை துளியும் குறையவில்லை என்பதால், மாற வேண்டியது வேலையா, வேலைச் சூழலா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

பேச்சு வராத சிறுவன் ஒருவன், இரைச்சல் கூடும்போது காதுகளைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் மோதத் தொடங்குவான். அவனை அமைதியான மூலைக்கு அழைத்துச் சென்று, 'போதும்' என்ற பட அட்டையை அவனே எடுத்து நீட்டும்வரை நான் காத்திருக்கும் வேளையில், மற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாததுதான் என்னை உருக்குலைத்தது. இதைத் தேதிவாரியாக எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன். பரபரப்பான நேரங்களுக்கு இன்னொரு உதவியாளர் வந்திருக்கிறார். இத்தகைய நிகழ்வுக்குப் பின் எனக்குச் சிறிது இடைவேளையும் கிடைக்கிறது. விடுமுறை நாளிலும் வேலை தொடர்பாக வரும் அழைப்புகள் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அந்த உதவியாளர் பருவ இறுதியில் திரும்பப் பெறப்பட்டால் விலகுவேன் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன். அந்தச் சிறுவன் என் இடத்துக்கு வரும் புதியவரிடம் பழக அவகாசம் வேண்டுமல்லவா?