அத்தையின் கைப்பேசிக்கு வயதாகிவிட்டதா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 2025 தீபாவளிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை

மீனாட்சி (காலை 7:10)
அனைவருக்கும் வணக்கம். தீபாவளிக்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருப்பதால் இங்கே கேட்கிறேன். 2022 ஜூனில் வாங்கிய என் கைப்பேசி, காலை ஆறு மணிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் மதிய உணவு மணி அடிப்பதற்குள் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை வருகைப் பதிவை ஏற்றிக்கொண்டிருந்தபோது, 22 விழுக்காடு காட்டிக்கொண்டே அணைந்துவிட்டது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பெயரையும் மறுபடி முதலிலிருந்து தொட வேண்டியதாயிற்று. கடையில் காட்டினால், மூன்று வருடத்துக்கு மேல் ஓடிய போனில் இனி ஒன்றுமில்லை, 24,000 ரூபாய்க்குப் புதியது எடுங்கள், பழையதற்கு 2,500 கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

சுந்தரம் (7:24)
அக்கா, யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். நான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன். அதற்கு மேல் வைத்திருந்தால் பழைய போனுக்கு விலையும் கிடைக்காது, வேலையும் நடக்காது. உங்களிடம் இருப்பது 4ஜி போன். நம் நாட்டில் 5ஜி வந்தே மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

கதிர் (8:02)
அத்தை, போன் பழுதுபார்க்கும் கடையில் இருப்பவனாகச் சொல்கிறேன், கடைக்காரர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறிகளும் பேட்டரியைத்தான் காட்டுகின்றன. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் சிறிது தேய்கிறது. அதன் உள்தடையும், அதாவது மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே தடுக்கும் தன்மையும், கூடிக்கொண்டே போகிறது. வருகைப் பதிவை ஏற்றும்போது போனின் மூளையான பிராசசரும் இணையமும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கின்றன. தேய்ந்த பேட்டரியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது. 22 விழுக்காடு மிச்சமிருந்தும் போன் அணைந்தது அதனால்தான். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு (முழுதாக ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. 15-ஆம் மாடலிலிருந்து அது 1,000 சுற்றுகள் ஆனது. நீங்கள் நாள்தோறும் ஒரு முறை முழுதாக ஏற்றுகிறவர் என்றால், இதுவரை ஆயிரத்து இருநூறு சுற்றுகள் ஓடியிருக்கும்.

கதிர் (8:09)
போனின் வேகம்கூடப் பேட்டரியைப் பொறுத்தது என்பதைப் பலர் நம்புவதில்லை. தேய்ந்த பேட்டரி உள்ள பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எழுந்த கோபத்தைத் தணிக்க, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுவதும் 29 டாலராகக் குறைத்தார்கள். அடுத்த ஜனவரியில் முதலீட்டாளர்களுக்கு ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் எழுதிய கடிதத்தில், புதிய ஐபோன் எதிர்பார்த்த அளவு விற்காததற்கான காரணங்களில் ஒன்றாக இந்த மலிவான பேட்டரி மாற்றத்தையும் சொல்லியிருந்தார். போன் பழசாகிவிட்டது என்று நினைத்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பேட்டரிதான் பழசாகியிருந்தது.

அத்தை, நீங்கள் இரண்டு விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். அமைப்புகளில் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்ற இடத்தில் என்ன தேதி இருக்கிறது? சேமிப்பிடத்தில் எவ்வளவு நிறைந்திருக்கிறது?

மீனாட்சி (8:31)
மருமகனே, பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஆகஸ்ட் 1 என்று இருக்கிறது. 128 ஜிபியில் 121 நிறைந்திருக்கிறது. அதில் வாட்ஸ்அப் மட்டுமே 34. பெற்றோர் குழு, ஆசிரியர் குழு, வகுப்புக் குழு என்று வரும் படங்களும் காணொளிகளும் எல்லாம் அதில் தங்கிவிட்டன. போன் மந்தமாகவும் இருக்கிறது.

கதிர் (8:44)
மந்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இடம் ஏறக்குறைய நிரம்பிவிட்டால், புதிதாக ஒன்றை எழுதுவதற்கே போன் பழையதை ஒதுக்கி இடம் தேட வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதிக்குப் போனால் பெரிய கோப்புகள் வரிசையாகத் தெரியும். வேண்டாதவற்றை அழித்து, ஒரு முப்பது ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

அந்தப் புதுப்பிப்புத் தேதிதான் எனக்கு நிம்மதியைத் தருகிறது. மென்பொருளில் தெரியவரும் பாதுகாப்புக் குறைகளை அடைக்கத் தயாரித்தவர்கள் அனுப்புவதுதான் பாதுகாப்புப் புதுப்பிப்பு. உங்கள் மாடலுக்கு 2027 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்று தயாரித்தவர்களின் தளத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டேன். பேட்டரி, திரை, சார்ஜ் முனை எல்லாவற்றையும் நான் மாற்றித் தர முடியும். புதுப்பிப்பு நின்றுபோனால் அதை மட்டும் எந்தக் கடையிலும் மாற்ற முடியாது. போனுக்கு வயதாவது உண்மையில் அன்றிலிருந்துதான். உங்கள் போனுக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. ஊரில் இருக்கும் அதிகாரப்பூர்வ சேவை மையத்திலேயே கூலியோடு 1,900 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றித் தருகிறார்கள்.

சுந்தரம் (9:05)
கதிர், நீ சொல்வது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. 1,900 செலவழித்த பிறகு வேறொன்று கெட்டுப்போனால் அந்தப் பணமும் வீண்தானே? இந்தத் தீபாவளிக்கு 2023-ஆம் ஆண்டின் நல்ல மாடலையே 40 விழுக்காடு தள்ளுபடியில் தருகிறார்கள்.

கதிர் (9:22)
சித்தப்பா, வேறொன்று கெடலாம் என்பது நியாயமான கவலைதான். அதற்கு என்னால் உறுதி தர முடியாது. ஆனால் அந்தத் தள்ளுபடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுப்பிப்பு ஆண்டுகளைப் பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள், நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நான்கு ஆண்டு வாக்குறுதியோடு 2023-இல் வந்த போனை இன்று புதுப் பெட்டியில் வாங்கினாலும், நம் கைக்கு வருவது இரண்டு ஆண்டுகள்தான். தள்ளுபடியில் பாதி அதில் போய்விடுகிறது. நான் இருக்கும் கடையில் பெட்டி பிரிக்காத போனை மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். 2023 அக்டோபரில் வந்த கூகுளின் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டுகள் புதுப்பிப்புத் தருவதாக அறிவித்தார்கள். குறைந்த விலையில் வந்த கேலக்ஸி ஏ16-க்கே 6 ஆண்டுகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இது சட்டமாகிவிட்டது: மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்புத் தர வேண்டும், 800 சுற்றுகளுக்குப் பின்னும் பேட்டரியில் 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்ச வேண்டும். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நிலா (9:40)
அண்ணா, நானும் புதிய மாடல் கேட்டு அப்பாவிடம் சொல்லியிருந்தேன். நேற்றுத் தோழியின் புதிய போனிலும் என் 2023 போனிலும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துப் பார்த்தோம். பகலில் எடுத்தவற்றில் எது யாருடையது என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. இரவில் தெருவிளக்கின் கீழ் எடுத்ததில் மட்டும் அவளுடையது தெளிவாக இருந்தது. அந்த ஒரு வேறுபாட்டுக்காக அப்பாவைச் செலவு செய்ய வைக்க மனம் வரவில்லை. ஒரு ஐபோன் தன் வாழ்நாளில் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதைத் தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது என்று ஆப்பிளின் சுற்றுச்சூழல் அறிக்கையில் படித்தேன். இருப்பதை இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டுகிறேன்.

கதிர் (9:46)
நல்ல முடிவு, நிலா.

அத்தை, மறந்துவிட்டேன். உறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ முதுகு வளைந்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். போன வாரம் ஒருவர் கொண்டுவந்ததைத் திறந்தபோது, உள்ளே பேட்டரி எண்ணெயில் போட்ட அப்பளம் போல உப்பித் திரையின் பசையையே பெயர்த்திருந்தது. அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார். அப்படி இருந்தால் அழுத்த வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், அன்றே கொண்டுவந்துவிடுங்கள்.

மீனாட்சி (10:03)
பார்த்துவிட்டேன், நேராகத்தான் இருக்கிறது. பேட்டரியையே மாற்றிவிடுகிறேன். ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி உன் மாமாவுடைய போன். அவரே எழுதுகிறார்.

பாலசுப்பிரமணியன் (10:15)
என் கைப்பேசி 2017-இல் வாங்கியது. பேட்டரியை நீயே இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருக்கிறாய். பேசுவதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஓய்வூதியம் வரும் வங்கியின் செயலி, இந்தப் பதிப்பில் இயங்காது என்று சொல்லி மூன்று மாதமாகத் திறக்க மறுக்கிறது. பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகவே மாதம் ஒரு முறை பேருந்து ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன். பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று நீ சொன்ன இடத்தில் 2019 நவம்பர் என்று இருக்கிறது.

கதிர் (10:28)
மாமா, அத்தைக்குச் சொன்ன அதே கணக்கின்படி உங்கள் போனை மாற்றியே ஆக வேண்டும். 2019-க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்புக் குறைகள் எதுவும் அதில் அடைக்கப்படவில்லை. அந்தச் செயலி திறந்தாலும் அதில் வங்கிக் கணக்கை வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாட்ஸ்அப்பும் இப்படித்தான் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக விட்டுவருகிறது. 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ளவற்றில் அது ஓடுவதில்லை.

சித்தப்பா, நீங்கள் இந்த மாதம் மாற்றப்போகும் போனுக்கு எவ்வளவு கழிக்கிறார்கள்?

சுந்தரம் (10:37)
ஆறாயிரம் ரூபாய். நீ கேட்க வருவது புரிகிறது. அதற்கு 2028 வரை புதுப்பிப்பு உண்டு, இப்போதுதான் பார்த்தேன். அதை அத்தானுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆறாயிரத்துக்கு யாரோ ஒருவரிடம் போவதைவிட அத்தானிடம் இருப்பதுதான் எனக்கு மகிழ்ச்சி. எனக்குப் புதியது வேண்டுமா என்பதையும், உன்னோடு பேசிவிட்டு முடிவு செய்கிறேன்.

பாலசுப்பிரமணியன் (10:52)
மிக்க நன்றி, மாப்பிள்ளை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 2018-இல் அம்மா ஊரிலிருந்து எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் பதினொன்று இதில் இருக்கின்றன. மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்பதைத் தவிர அவற்றில் ஒன்றுமில்லை. அம்மாவின் குரல் வேறெங்கும் இல்லை என்பதால்தான் இத்தனை நாளாக இந்தப் போனை விடாமல் வைத்திருக்கிறேன்.

கதிர் (10:58)
மாமா, முதல் வேலையே அதுதான். அந்தப் பதினொன்றையும் தனியே எடுத்துக் கணினியிலும் இரண்டு பென் டிரைவிலும் ஏற்றி, ஒவ்வொன்றையும் உங்கள் முன்னால் ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் புதிய போனைத் தொடுவேன். பழைய போனையும் அழிக்காமல் உங்களிடமே திருப்பித் தருகிறேன். சிம்மை மட்டும் எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை அத்தையோடு கடைக்கு வாருங்கள். அதுவரை இடம் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தாலும் எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் சார்ஜர் கம்பியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அந்தப் பழைய முனைக்கான கம்பி கடையில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் தளர்ந்துவிட்டது.