மேட்டில் மட்டும் சப்ளை கட் ஆகும் எலக்ட்ரிக் மாருதி 800: உதவி தேவை

இடம் குலசேகரம் பக்கம். 1998 மாடல் மாருதி 800-ல் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, பழைய கியர்பாக்ஸிலேயே 72 வோல்ட், 10 கிலோவாட் மோட்டார் பூட்டியிருக்கிறேன். பேட்டரி 24 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல், 100 ஆம்பியர் ஹவர். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, ஆபத்தென்றால் சப்ளையை வெட்டும் போர்டு) 200 ஆம்பியர். ஆர்.சி. இன்னும் மாற்றவில்லை, அதனால் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பாதையில்தான் ஓட்டிப் பார்க்கிறேன்.

சமதளத்தில் அருமையாக ஓடுகிறது. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சில நொடியில் மோட்டார் கன்ட்ரோலர் டிஸ்ப்ளே உட்பட எல்லாம் அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வருகிறது. ஆடி முழுக்க இதே மேட்டில் ஒழுங்காக ஏறிய வண்டி. ஆவணி பிறந்த பிறகுதான் இப்படி.

கேபிள் லக் எல்லாம் புதிதாக கிரிம்ப் செய்தாயிற்று. கரண்ட் லிமிட்டை 300-லிருந்து 180 ஆம்பியருக்குக் குறைத்தேன், முதல் கியரிலேயே ஏற்றினேன், பலனில்லை. ஏறும்போது மிகக் குறைந்த செல்லே 3.05 வோல்ட் காட்டுகிறது. வெட்டும் அளவுக்கு அது இறங்கவில்லை என்பதால் செல்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பிஎம்எஸ் ஆப்பில் எந்த எச்சரிக்கையும் பதிவாகாததுதான் குழப்புகிறது. மார்த்தாண்டத்தில் பேட்டரி ஆட்டோ பார்ப்பவர்களும் கைவைக்கத் தயங்குகிறார்கள்.

கான்டாக்டர் (பேட்டரி சப்ளையை இணைக்கும் பெரிய ரிலே) காயிலுக்கு 12 வோல்ட், பேட்டரி வோல்டேஜைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரிலிருந்து வருகிறது. லோடில் அந்த 12 வோல்ட் இறங்கி கான்டாக்டர் விடுகிறதா, இல்லை பிஎம்எஸ் வெட்டுகிறதா என்பதை மல்டிமீட்டர் மட்டும் வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?